விடுபட்ட பெயர்

தாயார் பொன்னுப்பிள்ளை இறந்த முப்பத்தோராம் நாளுக்கு, அவரின் வாழ்க்கையைச் சொல்லும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிக்க, யோகாம்பிகை திருகோணமலை அச்சகத்துக்கு வந்தாள்.

அச்சுக் கோர்க்கும் அலியார், அவள் எழுதிவந்த வாழ்க்கைக் குறிப்பை இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளைகள் ஐந்து பேர் எண்டு எழுதியிருக்கு. நாலு பேரின்ர பேர்தானே கிடக்கு?"

"ஓம். உங்களைக் கேளாமல் எழுத ஏலாதெண்டு ஒண்டை விட்டனான்."

"ஆரின்ர பேர்?"

"அலியார்."

அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பெற்றவள் பிரசவத்தோடு மௌத்தாகிவிட, தன் கைக்குழந்தையோடு சேர்த்து அவருக்கும் பாலூட்டி உயிர் காத்தவள் பக்கத்து வீட்டுப் பொன்னுப்பிள்ளைதான்.

"சனம் என்ன கதைக்கும், தங்கச்சி?"

"அம்மா எப்பவும் ஐந்து எண்டுதான் சொல்லுறவ. உங்கட பிள்ளைகளின்ர பேரையும் சொல்லுங்கோ அண்ணை, பேரப்பிள்ளைகளுக்குள்ள போட வேணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூத்தவள் நஜ்முன் நிஸாவிலிருந்து சொல்லத் தொடங்கினார் அலியார்.