எழுத மறுத்த மூலை

"நேரம் முடிஞ்சுது. பேப்பரைக் குடுங்க, தோகிவா-சான்."

"தர மாட்டேன்."

ஜப்பானின் நகோயா நகரில் அந்தக் காபிக்கடை மாடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சுடோகு எண்புதிர்ச் சங்கத்தின் செயலாளர் உசாமி நீட்டிய கை, நீட்டியபடியே இருந்தது.

சங்கம் வெளியிடும் புதிர்களை அச்சுக்குப் போகும்முன் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் இந்தப் போட்டி. தோகிவா அந்த வேலைக்கு ஆசைப்பட்டு ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவள். வேகம் போதாதாம்.

புதிரைப் போட்டவர் கிரிஷிமா. சங்கத்தில் எல்லாருக்கும் அவர் குரு, 'சென்செய்'. அவர் புதிரில் வழக்கமான விதிகள் மட்டும் போதாது. சதுரங்கக் குதிரை தாவும் தூரத்தில் ஒரே எண் வரக்கூடாது. கட்டங்களின் மேல் வரைந்திருக்கும் தெர்மாமீட்டர்களில் எண்கள் அடியிலிருந்து ஏறிக்கொண்டே போகவேண்டும். மண்டை காய்ந்துவிடும்.

"எல்லாரும் முடிச்சிட்டாங்க. நீங்க மட்டும்தான் மேல் மூலையைக் காலியா விட்டிருக்கீங்க" என்றார் உசாமி.

"நான் எங்க விட்டேன்? அங்க என்ன எழுதணும்னு புதிர் சொல்லவே இல்ல. சொல்லாததை எப்படி எழுதறது?"

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லிட்டுப் போங்களேன்!" முதலில் முடித்த மினெதா, இனிப்புப் பயறு விழுது தடவிய ரொட்டியை மென்றுகொண்டே சிரித்தான். "எங்க எல்லாருக்கும் ஒரே விடை. சென்செய் வெச்சிருக்கிற விடையும் அதேதான்."

"அந்த மூலையில அஞ்சு போட்டிருக்கியே, ஏன்?"

"அஞ்சு போடலைன்னா அந்த மூலைக் கட்டங்கள்ல மூணும் எட்டும்தான் மிஞ்சும். அதை இப்படியும் போடலாம், மாத்தியும் போடலாம். ரெண்டு விடை ஆயிடும். புதிர்னா ஒரே விடைதானே? அதனால அஞ்சு. இதுகூடத் தெரியாமலா போட்டிக்கு வந்தீங்க?"

"ரெண்டு விடை ஆனா ஆகட்டும். அஞ்சுக்கு வேற காரணம் இருக்கா?"

மினெதா ரொட்டியை விழுங்கினான்.

"நான் போட்டே பாத்துட்டேன். மூணு, எட்டை எப்படிப் போட்டாலும் ஒரு விதிகூட உடையல. இது ஓட்டைப் புதிர்!"

மாடியில் ஒரே கூச்சல். இருக்காதா பின்னே? கிரிஷிமா தலை நரைக்கும்வரை புதிர் போட்டவர், ஒன்றுகூடப் பிசகியதில்லை. பிசகினால் அன்றோடு நிறுத்திவிடுவேன் என்று மேடையிலேயே சொன்னவர்.

"யாரைப் பாத்து என்ன பேச்சு பேசறீங்க?" உசாமி கத்தினார். "சென்செய் முன்னாடி தலை குனிஞ்சு மன்னிப்புக் கேளுங்க. இல்லேன்னா சங்கத்துலயே உங்களுக்கு இடம் கிடையாது!"

"அவர் அஞ்சுக்கு ஒரு காரணம் சொல்லட்டும். நெத்தி தரையில படக் குனியறேன்."

என்ன திமிர் பார் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

கிரிஷிமா எழுந்து வந்து கையை நீட்டினார். அவரிடம் மட்டும் தாளைத் தந்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த மூலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

தோகிவா முந்திக்கொண்டு கையைத் தட்டினாள்.

"மாட்டிக்கிட்டீங்களா, சென்செய்? சரிபாக்கற ஆளைத் தேடற போட்டிக்கு யாராவது சரியான புதிரைக் குடுப்பாங்களா? வேணும்னே ஓட்டை போட்டுக் குடுத்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கீங்க!"

கைதட்டலில் மாடியே அதிர்ந்தது.

"சென்செய்னா சென்செய்தான்!" என்று உசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவர்ப் பலகையில் தேர்வானவராகத் தோகிவாவின் பெயரைப் பெரிதாக எழுதினார்.

"எனக்கும் அப்பவே லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றான் மினெதா, வெட்கமே இல்லாமல்.

எல்லாரும் இறங்கிப் போகும்வரை கிரிஷிமா நாற்காலியை விட்டு எழவில்லை.

"நான் வேணும்னு பண்ணல, தோகிவா-சான். அந்த மூலையில ஒரு தெர்மாமீட்டரை வரைய மறந்துட்டேன். அது உங்களுக்கும் தெரியும். ஒரு எண்ணைப் பொய்யா எழுத மாட்டேன்னு அத்தனை பேரோட சண்டை போட்டீங்க. அப்புறம் எதுக்கு எனக்காக இவ்வளவு பெரிய பொய்?"

"பென்சில் பிடிச்சா எனக்குப் பொய் வராது, சென்செய். வாய்க்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல." தோகிவா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஆனா அடுத்த புதிர்லயும் மறந்தீங்கன்னா இதே மாதிரி கத்துவேன். அன்னிக்குக் கை தட்ட மாட்டேன்."