கமிஷனரின் நாற்காலி

மலை மாகாணத்துக்குப் புதிய கமிஷனரோடு ஒரு நாற்காலியும் வந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் கிடந்த ஊர்ச்சபைக் கம்பளத்தைப் பார்த்துச் சிரித்தது.

"உன் வேலை முடிந்தது, கிழடே. இனி வழக்கெல்லாம் என்னிடம்தான்."

"வாய்க்கால் தண்ணீருக்காக இரண்டு குலங்கள் கத்தி தீட்டுகின்றன. எத்தனை பேரை உட்கார வைப்பாய்?"

"ஒருவரை. மற்றவர்கள் நிற்கட்டும்."

"நின்றுகொண்டு இங்கே யாரும் சமாதானம் பேசியதில்லை, துரை."

மறுநாளே உத்தரவு போட்டுக் கம்பளத்தைக் கமிஷனர் கச்சேரிக்குத் தூக்கி வந்தார்கள். அதன் நடுவில் நாற்காலி ஏறி நின்றது. "இப்போது வரட்டும்."

இரு குலத்துப் பெரியவர்களும் வந்து பார்த்தார்கள். செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய், வாய்க்கால் கரையில் வெறும் மண்ணில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் தண்ணீர் பங்காகிவிட்டது.

சன்னல் வழியே பார்த்த நாற்காலி, "அந்த மண்ணையும் அள்ளி வரச் சொல்லுங்கள்" என்றது.