கொழுப்பு இல்லாத இடம்

ஜன்னல் மறைப்பின் இடுக்குகள் வழியே வரும் மதிய வெயில் ஆய்வகத்துக் கணினித் திரையைக் கோடு கோடாக அழிக்கிறது. அக்கா உள்ளங்கையை விரித்து அதற்கு நிழல் பிடிக்கிறாள். திரையில் நான்கு இதழ் மொட்டைப்போல ஒரு புரதம் மெல்லச் சுழல்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தை ஆற வைப்பதற்காகப் பொட்டாசியத்தை வெளியே விடும் வாசல் அது. படியேறும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்த தங்கையின் உடம்பில் இருக்கும் அதே மரபணுப் பிழையோடு அந்தப் புரதத்தைச் செய்து, அக்கா இரண்டு வருஷம் மல்லுக்கட்டி எடுத்த படம். "சரியா திறக்க மாட்டேங்குதுடி," என்கிறாள். பேனா முனை ஒரு சின்னக் குழியில் போய் நிற்கிறது. "இங்க ஒரு துளி கொழுப்பு வந்து ஒட்டணும். அப்பதான் கதவு திறக்கும். உனக்கு அது ஒட்டவே இல்ல." தங்கை மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, அந்தக் காலிக் குழியையே பார்க்கிறாள். பக்கத்து அறையில் குளிர்பெட்டி உறுமி ஓய்கிறது. "பொறந்ததுலேருந்து எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னுதானேக்கா எல்லாரும் திட்டினீங்க?" அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. தோள் குலுங்கச் சிரிக்கிறாள். ஆனால் அவள் விரல்கள் மட்டும் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தபடி, அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்கின்றன.