கட்டைக் குரல்

ஹெட்போனைக் கழற்றிச் சுவரில் வீசி அடித்தார் ஒலிப்பதிவாளர். அதில் ஒரு பக்கம் தனியே கழன்று மூலைக்கு உருண்டது.

"மறுபடியும் இழுத்துட்டே!"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பாடும் அறைக்குள் நின்றிருந்த பாடகி தோளைக் குறுக்கிக்கொண்டாள். கை தானாகக் கழுத்தெலும்புக்குப் போனது. ஆறு மாதத்துக்கு முன்பு உடைந்து கோணலாகக் கூடிய எலும்பு. யாராவது கையை ஓங்கினாலே அங்கே சுருக்கென்று வலிக்கும்.

"எனக்கு முப்பத்தெட்டு வயசு, மாமா. இருபது வருஷப் பழக்கம். உடனே போயிடுமா?"

"போகலேன்னா நீ போயிடுவே. கடைசி எழுத்து வந்ததும் வாயை மூடு. கத்தியால வெட்டின மாதிரி நிக்கணும். மேல ஏறாதே, கீழ இறங்கு. நெளிவு சுளிவு ஒண்ணும் வேண்டாம்."

நான்கு மாதமாக இதே பாட்டுதான். மேடைக் குழுவில் அவள் பாடிய காலத்தில், உச்சியில் ஏறி, ஒவ்வொரு வரி முடிவிலும் தேனாக இழுத்து நடுங்கவிடுவாள். விசில் பறக்கும். அந்த இழுப்பைத்தான் இவர் வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஸ்டூலை உடைத்தார். இன்னொரு நாள், அவள் தொண்டை கட்டி அழுத பிறகும் விடாமல் நாற்பது தடவை பாட வைத்தார்.

ஆனால் போன வாரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுத்தபோது, அடிவயிற்றிலிருந்து ஒரு கரகரத்த குரல் எழுந்தது. யாரையும் மயக்க வராத குரல். இறங்க வேண்டிய இடம் தாண்டியும் அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.

"இந்தக் குரல் எனக்குப் பிடிச்சிருக்கு மாமா," என்றாள் இப்போது.

ஒலிப்பதிவாளரின் முகம் கொஞ்சம் இளகியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசல் கதவில் இடி விழுந்தது.

அவர் எட்டிப் பார்த்தார். ஒரே தாவலில் வந்து கண்ணாடித் தடுப்பின் திரையை இழுத்து மூடினார். "உள்தாழ்ப்பாள் போடு. விளக்கை அணை," என்றார் மைக்கில்.

மூன்றாவது உதையில் வாசல் கதவு பெயர்ந்தது. இரும்புக் கம்பியோடு உள்ளே வந்தான் பாடகியின் புருஷன். மேடைக் குழுவை நடத்துகிறவன். ஒரு கச்சேரியில் அவள் சுருதி தவறியதற்காகக் கழுத்தெலும்பை உடைத்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிப்போனவளை அன்றிலிருந்து தேடுகிறவன்.

"எங்க அவ?"

"யாரு?"

கம்பி இறங்கியது. ஒலிப்பதிவாளரின் வலது கை கருவியின் பொத்தான்கள் மேல் இருந்தபோதே விரல்கள் நொறுங்கின. அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது அடி தாடையில் விழுந்தது. நாற்காலியோடு சரிந்து, ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினார்.

"நீதான் மறைச்சு வச்சிருக்கேன்னு ஊரே சொல்லுது. உள்ள யாரு?"

"பாட வந்த பொண்ணு... புதுசு... கதவைத் தொடாதே, ரெக்கார்டிங் ஓடுது..."

அவன் கம்பியைப் பாடும் அறைக் கதவுக்கு நேராக ஓங்கினான். பிறகு என்ன நினைத்தானோ, சிரித்தபடி இறக்கினான்.

"மூஞ்சியைப் பாக்கவே வேண்டாம். பாடச் சொல்லு. பேரை மாத்தலாம், முடியை வெட்டலாம், வரிக் கடைசியில அந்த இழுப்பு மட்டும் அவளை விட்டுப் போகாது. அடிச்சுப் பழக்கினவன் நான்."

அணைக்காமல் கிடந்த மைக் வழியாக எல்லாம் அவள் காதில் விழுந்தது. இருட்டில் மைக்கை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் முதல் வரி வந்தது. கட்டையாக, தரையோடு தரையாக. முடிந்ததும் பட்டென்று நின்றது. இரண்டாவதும் அப்படியே.

அவன் கண்ணை மூடிக் காலால் தாளம் போட்டான். மூன்றாவது வரி தொடங்கியதும் கம்பியால் ஒலிப்பதிவாளரின் முழங்காலில் ஓங்கிப் போட்டான். அவர் அலறினார். அவள் குலைகிறாளா என்று அவன் திரையையே பார்த்தான்.

"நடந்த தூரம் என் காலுக்குத் தெரியும்."

அந்த வரியின் முடிவில்தான் அவள் நாற்பது தடவையும் வழுக்கியிருந்தாள். இப்போது வழுக்கவில்லை. அந்த அலறல் நெஞ்சைக் கிழித்தது, குரலைத் தொடவில்லை. அவனுக்குப் பயந்து பாடவில்லை, மாமா சொல்லிக் கொடுத்தபடியும் பாடவில்லை. யார் கேட்டாலும் இனி இப்படித்தான் என்று பாடினாள்.

பாட்டு முடிந்தது. அவன் காறித் துப்பினான்.

"இவ இல்ல. என் பொண்டாட்டி குயிலு. இது ஏதோ கட்டைக் குரலு, யார் காசு குடுத்துக் கேப்பாங்க?"

கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். சட்டையில் தெறித்திருந்த ரத்தத்தைத் திரைத் துணியிலேயே துடைத்தான். உடைந்த கதவைத் தாண்டிப் போனவன், ஏதோ ஞாபகம் வந்தவனாகத் திரும்பி, தரையில் கிடந்தவரைப் பார்த்துச் சொன்னான்:

"சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நம்ம அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டு வந்துடுண்ணே."