கீழ்த்தட்டில் இருந்த கடைசி பாட்டில்

பாட்டிலின் கழுத்தை நான் பிடித்திருந்தேன். அடிப்பாகத்தை முன்பின் தெரியாத ஓர் அம்மா பிடித்திருந்தார்.

ஒயின் கடையின் கீழ்த்தட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்க என் முட்டி இடம் கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்குமே மனசு இல்லை.

"அதுதாங்க கடைசி. இனிமே வராது" என்று கல்லாவிலிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார். "பேப்பர்ல எவனோ கண்டபடி எழுதிக் கெடுத்துட்டான். யாரும் தொடறதில்லை. நானும் ஆர்டர் போடறதை நிறுத்திட்டேன்."

அந்த எவனோ நான்தான்.

அன்றாடம் குடிக்கத் தோதான மலிவு ஒயின்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஆறு வருஷமாக எழுதுகிறேன். புனைபெயரில்தான். போட்டோ கிடையாது. இருந்திருந்தால் இந்தக் கடைக்குள் கால் வைத்திருக்க முடியாது.

ஆரம்பத்தில் நானும் யோக்கியமாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளை ஒயினை ஆகா ஓகோவென்று புகழ்ந்தேன். அடுத்த வாரம் தட்டு காலி. அடுத்த மாதம் விலை ஒன்றரை மடங்கு. எழுதின எனக்கே ஒரு பாட்டில் கிடைக்காமல் கடை கடையாக அலைந்தேன்.

அன்றைக்கு வந்தது புத்தி. பிடிக்காததைப் புகழ்வது, பிடித்ததைத் திட்டுவது.

எழுதுவதற்காக வாங்கிப் புகழ்ந்த பாட்டிலெல்லாம் மச்சான் வீட்டுக்குப் போய்விடும். அவன் எதைக் கொடுத்தாலும் குடிப்பான். குடித்துவிட்டு என் ரசனையைப் பாராட்டவும் செய்வான்.

இந்தச் சிவப்பு ஒயின்தான் எங்கள் வீட்டு ஒயின். திருகு மூடி. லேபிளில் கோணல்மாணலாக ஒரு கழுதை. விலை கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு மடக்கு உள்ளே போனால் அன்றைக்குப் பட்ட எரிச்சலெல்லாம் அடங்கிவிடும்.

என் மனைவி எதையும் லேசில் ஒப்புக்கொள்கிறவள் இல்லை. என்னையே பதினெட்டு வருஷமாகப் பரிசீலனையில்தான் வைத்திருக்கிறாள். அவளே இதைக் குடித்துவிட்டு "பரவாயில்லையே" என்றாள். அந்த வார்த்தையை நான் அவள் வாயால் அதற்கு முன் கேட்டதில்லை.

அதனால் இதைக் கொஞ்சம் விசேஷமாகவே திட்டினேன். பீப்பாய் கழுவின தண்ணீர் என்று எழுதினேன். லேபிளில் இருக்கும் கழுதையின் மேல் சந்தேகமாக இருக்கிறது என்றும் எழுதினேன். எழுதிவிட்டு நானே விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஒருத்தருமே வாங்காவிட்டால் கடைக்காரர் வரவழைப்பதையே நிறுத்திவிடுவார் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அதுவும் இன்றைக்கா தீர வேண்டும்? இன்றைக்கு எங்கள் கல்யாண நாள்.

போன வருஷம் அடியோடு மறந்துபோனேன். அவள் பார்த்துப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்து நின்றபோது, "எங்கேயாவது கிளம்பிட்டியா?" என்று கேட்டவன் நான். நாலு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த வருஷம் யாரும் சொல்லாமல், நானாகவே ஞாபகம் வைத்திருந்தேன். காலையில் வேண்டுமென்றே ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தை எப்போதும்போல உம்மென்று வைத்துக்கொண்டு காப்பி குடித்தேன். சாயங்காலம் இந்தப் பாட்டிலோடு போய் நிற்க வேண்டும், அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஒரு வாரமாக இதையே நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன்.

ஆகவே பாட்டிலை விடுவதாக இல்லை.

"மேல்தட்டுல நல்லதா நிறைய இருக்குங்க. இதைப் பத்திப் பேப்பர்ல படிக்கலையா? பீப்பாய் கழுவின தண்ணியாம்" என்றேன். என் எழுத்தை நானே சாட்சிக்குக் கூப்பிட வேண்டிய நிலைமை.

"படிச்சேன். அதனாலதான் வாங்குறேன்" என்றார் அந்தம்மா. பிடி கொஞ்சமும் தளரவில்லை. "அந்தாளு எதைத் திட்டுறாரோ அதைத்தான் வீட்டுல குடிப்பாராம். அவர் சம்சாரமே என்கிட்ட சொன்னா."

கல்லாவில் கடைக்காரர் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

வீட்டுக்குள்ளேயே உளவாளி. சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தாளு நான்தான், என் பெண்டாட்டிக்காகத்தான் வாங்க வந்தேன், விடுங்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கடைக்காரர் இரண்டு வார்த்தை ஏசுவார். ஏசிவிட்டுப் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

அந்தம்மா முந்திக்கொண்டார்.

"அவளும் நானும் ஒரே ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்கிறவங்க. இன்னைக்கு அவளுக்குக் கல்யாண நாளு. காலையில அந்த மனுஷன் வாயே திறக்கலையாம், இந்தத் தடவையும் மறந்துட்டாராம். நாள் பூரா மாத்திரையை எண்ணிக்கிட்டே மூக்கை உறிஞ்சிக்கிட்டிருந்தா. நீ வீட்டுக்கே போகாதேடின்னு சொல்லி என் வீட்டுல உட்கார வச்சிட்டு வந்திருக்கேன். இது ஒண்ணுதான் வேணும்னா."

காலையில் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் போல ஒரு முட்டாள்தனத்தை என் வாழ்நாளில் செய்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். வந்தால் வரட்டும்.

பாட்டிலை அந்தம்மா கையிலேயே விட்டேன்.

"உங்க வீட்டுல மூணு கிளாஸ் இருக்குங்களா?" என்று கேட்டேன்.