புடவையும் ஊக்கும்

வறண்ட பனிக்காற்று வீசத் தொடங்கினால் பீரோவுக்குள் நைலான் புடவையின் பாடு திண்டாட்டம்தான். யாரைக் கண்டாலும் ஆசையாகப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மறுகணமே சுரீரென்று ஷாக் அடித்துவிடும்.

அன்றைக்கு மாட்டிக்கொண்டது கம்பளிச் சால்வை. "ஒட்டுறதும் நீ, அடிக்கிறதும் நீயா? தள்ளிப் போடி!" என்று சீறியது.

புடவைக்கு அழுகை முட்டியது. "வேணும்னேவா செய்றேன்? எனக்குள்ள என்னமோ சேர்ந்துக்கிட்டே இருக்கு. எங்கே இறக்கி வைக்கிறதுன்னு தெரியலையே!"

கீழ்த்தட்டில் கிடந்த சின்ன ஊக்கின் காதில் இது விழுந்தது. அது தத்தித் தத்தி ஏறி வந்து, புடவையின் கரையில் தன்னை மாட்டிக்கொண்டு, பீரோவின் இரும்புச் சுவரில் முதுகைச் சாய்த்தது.

சட்டென்று ஒரு பொறி பறந்தது. ஊக்கு நடுங்கியது. இன்னொரு பொறி. மறுபடியும் நடுங்கியது, ஆனால் விலகவில்லை.

புடவை லேசாகிக்கொண்டே வந்தது. பயந்து பயந்து சால்வையின் தோளில் சாய்ந்து பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. சால்வையும் நகரவில்லை.

அப்புறம்தான் புடவைக்கு ஊக்கின் ஞாபகமே வந்தது. "ஐயையோ, உனக்கு வலிக்கலையா?"

"வலிச்சுது," என்றது ஊக்கு. "மிச்சம் இருந்தா அதையும் இறக்கிடு. நான் இங்கேதான் இருக்கேன்."