வரவழைத்த சிரிப்பு

ஜன்னல் வெளிச்சம் விழும் நாற்காலியில் விஞ்ஞானியின் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். வாதத்தில் தளர்ந்துபோன அவளுடைய இடது கன்னத்தில் உப்புநீரில் நனைத்த பஞ்சை வைத்து, அதில் மின்கம்பியை அவர் தொடவைக்கிறார். தசை துடிக்கிறது, ஒரு பக்க உதடு மட்டும் மேலே ஏறிச் சிரிக்கிறது. பார்க்க வந்த டாக்டர்கள் கைதட்டுகிறார்கள். "அண்ணிக்கு நம்மள ரொம்பப் பிடிச்சுப்போச்சு!" என்கிறார் ஒருவர். பஞ்சுதான் வடிகிறது என்று நினைத்துக் கணவர் கைக்குட்டையால் ஒற்றுகிறார். துடைக்கத் துடைக்கக் கன்னம் நனைகிறது. நீர் வருவது கண்ணிலிருந்து. கருவியை அணைத்துக் கம்பியை எடுத்ததும் உதடு தொங்கிவிடுகிறது. "இன்னொரு தடவை, சார்!" என்கிறார்கள். அவள் குழறிக் குழறிக் கேட்கிறாள்: "கதவச் சாத்திட்டு, நம்ம ரெண்டு பேரு மட்டும்னுதானே சொன்னீங்க?" எல்லார் காதிலும் விழுகிறது. அவர் குனிந்துகொண்டு, ஏற்கெனவே அணைத்த கருவியை அணைத்துக்கொண்டிருக்கிறார்.